வரலைன்னு எழுதுங்க

பத்தொன்பது வருட வேலையில் முருகலட்சுமி ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுபோனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ராமேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலின் முதல் மாடி அரங்கில், ஒரு மசோதாவைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க நாடாளுமன்ற நிலைக்குழு உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை, பதினோரு உறுப்பினர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டுகளில் யாரும் தொடாத முந்திரிப்பருப்பு. எதிரே போட்டிருந்த நாற்காலியில் ஜெயசுதா. தங்கச்சிமடத்துக்காரி, வயது முப்பதுக்குள்தான் இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மைக் எங்கே சாய்ந்துவிடுமோ என்பதுபோல அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் முருகலட்சுமி. தமிழில் வருவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. டெல்லியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதை இன்றுவரை அவள் மீறியதில்லை.

டெல்லியிலிருந்து கூட வந்திருந்த இணைச் செயலாளர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் கணவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது, இதுவரை அரசிடமிருந்து ஏதாவது உதவி வந்ததா என்று. ஆங்கிலத்தில் அது சின்னக் கேள்வி.

"உங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தாள் முருகலட்சுமி. ஜெயசுதா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வகிட்டில் குங்குமம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு, போன வாரமோ நேற்றோ மாற்றிய புதுக் கயிறு, சாயம் சேலையில் ஒட்டியிருந்தது. அடுத்த சொல் முருகலட்சுமியின் நாக்கில்தான் இருந்தது. வெளியே வரவில்லை. ஏசி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தலைநிமிர்ந்தார்கள். காதுக்கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒருவர் அதைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். ஐந்து விநாடி போயிருக்கும். மேடையில் பேசுகிறவனுக்கு ஐந்து விநாடி ஒன்றுமில்லை. மொழிபெயர்க்கிறவளுக்கு அது வேலை போகிற நேரம்.

மேசையின் கடைசி நாற்காலியிலிருந்து பெண் உறுப்பினர் காலிதா குறுக்கிட்டார். கேள்வியை மாற்றிக் கேட்கும்படி இணைச் செயலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எதை மாற்ற வேண்டும் என்று இணைச் செயலாளருக்கு விளங்கவில்லை. "அந்த முதல் பாதியை" என்றார் காலிதா. மனிதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, உங்கள் கணவர் கடலுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது என்று ஆரம்பித்தார். அதை முருகலட்சுமியால் சொல்ல முடிந்தது.

"ஒண்ணும் வரலங்க" என்றாள் ஜெயசுதா. "ஆபீசுல கேட்டா ஏழு வருசம் கழிச்சு வாங்கன்னாக. இப்ப அதை ஒரு வருசமாக் கொறைக்கப் போறீகளாம். ஆனா ஒரு வருசம் ஆனா அவுக செத்துட்டாகன்னு நீங்களே எழுதிருவீகளாம்ல? அப்படி எழுதுனாத்தான் உதவியாம்ல? எனக்கு அது வேணாம். அவுக வரல. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். வரலைன்னு எழுதுங்க. செத்துட்டாகன்னு எழுதுறதுக்கு நான் கண்டேனா, நீங்க கண்டீகளா?"

முருகலட்சுமி அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்தபோது எல்லோரும் ஜெயசுதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முருகலட்சுமி மட்டும் மேசையின் கடைசிக்குப் பார்த்தாள். காலிதா பேனாவை மூடிக் காகிதத்தின்மேல் வைத்துவிட்டு, அந்தக் காகிதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அந்த ஒரு வருடம் காலிதாவின் வெற்றி.

காலிதாவுக்குச் சொந்த ஊர் புதுமடம். மாநிலங்களவைக்கு வரும் முன்பு ராமநாதபுரம் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடம் வக்கீல். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள் அவரிடம்தான் வருவார்கள். உடல் கிடைக்காவிட்டால் ஏழு வருடம் காத்திருந்தால்தான் ஒருவர் இறந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். அதுவரை அந்தப் பெண்ணுக்கு நிவாரணமும் இல்லை, விதவை உதவியும் இல்லை, வீட்டுப் பத்திரத்தில் பெயரும் மாறாது. ஏழு வருடம் முடிந்த பிறகு வழக்குப் போட்டு, அதில் இரண்டு வருடம் போய், தீர்ப்பு வாங்கிக் கொடுப்பார் காலிதா. அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வரும்போது கூடவே மீசை முளைத்த மகன்கள் வருவார்கள். அப்பன் போன அன்று தொட்டிலில் கிடந்த சின்னப் பிள்ளைகளும் அப்பன் பெயரைக் கூண்டில் நின்று சொல்லும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான், எம்.பி. ஆனதும் முதல் கூட்டத்தொடரிலேயே ஏழு வருடத்தைக் குறையுங்கள் என்று எழுந்தார். கேள்வி போட்டார். கடிதம் எழுதினார். மூன்று அமைச்சர்கள் மாறினார்கள், மூன்று பேரிடமும் முதலிலிருந்து சொன்னார். ஐந்தாவது வருடம் அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கானது. அதன் நான்காம் பிரிவு சொன்னது: ஒரு வருடம் முடிந்ததும் மாவட்ட நிர்வாகம் தானாகவே இறப்பைப் பதிவு செய்யும், உதவி உடனே கிடைக்கும். மசோதா வந்த அன்று டெல்லியில் எல்லாக் கட்சிக்காரர்களும் காலிதாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

முருகலட்சுமி இதையெல்லாம் அவைக்கு மேலே மொழிபெயர்ப்பாளர்களுக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டவள். காலிதா அவையில் தமிழில்தான் பேசுவார். அவர் "நான்" என்றால் கூண்டுக்குள் முருகலட்சுமியும் ஆங்கிலத்தில் "நான்" என்பாள். ஐந்து வருடம் அவருடைய கோபம் இவள் வாய் வழியாகத்தான் இருநூறு காதுகளுக்குப் போனது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்று சில பிரியங்கள் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். காலிதா ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்க மாட்டார். கத்த மாட்டார். பேசுவதற்கு முந்தின நாள் ஒரு துண்டுக் காகிதம் கூண்டுக்கு வரும். பேச்சில் வரப்போகிற ஊர்ப் பெயர்கள், எண்கள், ஆங்கிலத்தில் கிடைக்காத மீன்பிடிச் சொற்கள், எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்களில் கூண்டுக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அரங்கில் ஜெயசுதாவுக்கு அடுத்து வந்தவள் பாண்டியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவள் உள்ளே நுழைந்ததும் ஜெயசுதா எழுந்து மறுபக்க வாசல் வழியாக வெளியே போனாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அவ எந் தம்பி பொண்டாட்டி" என்றாள் பாண்டியம்மாள், யாரும் கேட்காமலே. "கூத்தையா எங்கூடப் பொறந்தவன். மாரிச்செல்வம் எம் புருசன். ரெண்டு பேரும் ஒரே போட்டுலதான் போனாக. அஞ்சு பேரு போனதுல மூணு ஒடம்பு கரைக்கு வந்துச்சு. இவுக ரெண்டு பேரும் வரல. எனக்கு எழுதிக் குடுங்க. செத்துட்டாகன்னு எழுதிக் குடுங்க. ஒரு வருசம்கூட அதிகந்தேன்."

குழுத் தலைவர் வடக்கத்திப் பெரியவர். உதவித் தொகை அவசரமாகத் தேவைப்படுகிறதா என்று இரக்கத்தோடு கேட்டார்.

"தேவைதான். ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு. ஆனா அது மட்டும் இல்லங்க. தெவசம் குடுக்க எனக்கு ஒரு நாளு வேணும். ஊரு ஒலகமெல்லாம் ரயிலேறி இங்கன வந்து கடல்ல முழுகித் திதி குடுத்துட்டுப் போகுது. நான் தெனமும் அதைப் பாத்துக்கிட்டு இங்கனயே கெடக்குறேன். எந்த நாளுன்னு குடுப்பேன்? சர்க்காரு ஒரு தேதி எழுதிக் குடுத்தா அந்தத் தேதியில குடுத்துட்டுப் போறேன்." கொஞ்சம் நிறுத்தி, "எந் தம்பிக்கும் சேத்துத்தான் கேக்குறேன். அதனாலதான் அவ எங்கிட்டப் பேசுறதில்ல. எட்டு மாசமாச்சு" என்றாள்.

மதியச் சாப்பாட்டின்போது காலிதா தட்டை எடுத்துக்கொண்டு முருகலட்சுமி நின்றிருந்த ஜன்னல் பக்கம் வந்தார். அதுவரை அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது வணக்கம், நன்றி அளவில்தான்.

"எதுக்கு நின்னீங்க?"

"தப்புத்தான் மேடம். விளக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னா குடுத்துர்றேன்."

"விளக்கம் கேக்கலம்மா. தெரிஞ்சுக்கிறணும்னு கேக்குறேன்."

முருகலட்சுமி தயிர்ச்சோற்றைக் கரண்டியால் கிளறினாள். "நானும் இந்தப் பக்கந்தான் மேடம். நயினார்கோவில். எங்க ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, உன் புருசன் செத்து எத்தனை மாசம் ஆச்சுன்னு கேக்க முடியாது. அதுவும் அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து. காகிதத்துல இருந்தா வாசிச்சிருவேன். வாய் வரல."

காலிதா ஜன்னல் வழியே பார்த்தார். கீழே வேனிலிருந்து வடநாட்டுப் பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "நான் இருபத்தாறு வருசமாக் கேட்டுருக்கேன்" என்றார். "கூண்டுல ஏத்தி, உங்க கணவர் மவுத்தாயிட்டதா நீங்க நம்புறீங்களான்னு கேப்பேன். ஆமான்னு சொல்லணும்னு வராண்டாவுலயே சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போவேன். எல்லாரும் ஆமான்னாங்க. ஒரு பொம்பளகூட மறுத்ததில்ல. அதனால அவங்களுக்கு வேண்டியது அதுதான்னு நெனச்சுக்கிட்டேன். வேற பதில் சொன்னா கேஸ் போயிரும்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்." சாப்பிடாமலே தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

டிசம்பர் முழுக்க காலிதா டெல்லிப் பக்கம் தலைகாட்டவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஜனவரியில் குழு மறுபடி கூடியபோது உறுப்பினர்களுக்கு ஒரு குறிப்பு வந்தது. அதை மொழிபெயர்க்க முருகலட்சுமியின் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். மண்டபம், பாம்பன், புதுமடம், கடலாடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் என்று மூன்று வாரம் அலைந்து அறுபத்தொரு வீடுகளுக்குப் போயிருந்தார் காலிதா. கூட வட்டாட்சியரையும் அழைத்துப் போகவில்லை, கட்சிக்காரர்களையும் அழைத்துப் போகவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: என்னவென்று எழுத வேண்டும்? முப்பத்தெட்டுப் பெண்கள் இறந்துவிட்டதாக எழுதச் சொல்லியிருந்தார்கள். பத்தொன்பது பேர் எழுதக் கூடாது என்றிருந்தார்கள். நான்கு பேர் பதில் சொல்லவில்லை. அந்த நால்வரில் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள். பதில் சொல்லாதவர்களுக்குக் குறிப்பில் தனி வரி இருந்தது. "இவர்களை எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது. இவர்களுக்கு நேரம் வேண்டும்." அந்த வரியை ஆங்கிலப்படுத்த முருகலட்சுமி அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். எளிய வரிதான். இருந்தும் அவசரமாகச் செய்ய மனம் வரவில்லை.

குழுவில் காலிதா வழக்கமாக ஆங்கிலத்தில் பேசுவார். அன்று தலைவரிடம் அனுமதி கேட்டுத் தமிழில் பேசினார். "தப்பை ஒத்துக்கொள்ளும்போது சொந்த மொழியில் ஒத்துக்கொள்வது நல்லது" என்றார். நான்காம் பிரிவு தன்னுடைய வற்புறுத்தலால் வந்தது, அதைத் தானே எதிர்ப்பதாகச் சொன்னார். ஒருவர் சிரித்தேவிட்டார். காலிதா அவருக்காகக் காத்திருந்து, அவர் சிரித்து முடித்ததும் தொடர்ந்தார். ஆறு மாதம் முடிந்ததும் திரும்பி வரவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுங்கள். அதைக் காட்டினால் உதவி கிடைக்கட்டும். இறப்பைப் பதிவு செய்வது குடும்பம் கேட்டால் மட்டும், கேட்கிற அன்று. ஒருவேளை அந்த மனிதர் திரும்பி வந்துவிட்டால் கொடுத்த எதையும் திரும்பக் கேட்கக் கூடாது. இந்த மூன்றும்தான்.

சட்ட அமைச்சக அதிகாரி, ஒருவர் உயிரோடிருக்கிறார் அல்லது இல்லை, சட்டத்துக்கு இந்த இரண்டு நிலைதான் தெரியும், மூன்றாவது கிடையாது என்றார். "அறுபத்தொரு வீட்டில் மூன்றாவது நிலையில்தான் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்" என்றார் காலிதா. "நீங்களும் நானும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்."

தேநீர் இடைவேளையில் அவருடைய கட்சியின் அவைத் தலைவர் வராந்தாவில் அவரை ஓரமாக அழைத்துப் போனார். அவரும் தமிழர்தான். முருகலட்சுமி இரண்டடி தள்ளித் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, ஜூலையோட உங்க காலம் முடியுது. இந்தத் தொடர்ல நிறைவேறலைன்னா மசோதா கிடப்புல போயிரும். நீங்களும் இருக்க மாட்டீங்க. வந்ததை வாங்கிக்குங்க. முப்பத்தெட்டுப் பேர் கேக்குறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. முருகலட்சுமிக்குப் பாண்டியம்மாளின் குரல் ஞாபகம் வந்தது. மசோதா விழுந்தால் அவளுக்கு இன்னும் ஐந்தே முக்கால் வருடம். காலிதாவின் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவது தெரிந்தது. "நான் மசோதாவை நிறுத்த மாட்டேண்ணே" என்றார் மெதுவாக. "ஓட்டெடுப்புல தோத்தா தோத்துட்டுப் போறேன். பேசாம இருக்க மாட்டேன்."

தோற்றார். ஆறுக்கு ஐந்து. மறுப்புக் குறிப்பை மூன்று பக்கம் எழுதி அறிக்கையோடு இணைத்தார். மசோதா நான்காம் பிரிவில் ஓர் எழுத்தும் மாறாமல் அவைக்குப் போனது.

மார்ச்சில் விவாதத்துக்கு வந்த அன்று கூண்டுக்கு வழக்கம்போல் துண்டுக் காகிதம் வந்தது. ஊர்ப் பெயர்கள் நாலைந்து. அடியில் இப்படி எழுதியிருந்தது: "‘வரல’ என்ற சொல் நான்கு இடத்தில் வரும். ஆங்கிலத்தில் அதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று ஒரு தயார்ச் சொல் உண்டு. தயவுசெய்து அதைப் போட வேண்டாம். இன்னும் வந்து சேரவில்லை என்பதை அப்படியே நேராகச் சொல்லுங்கள்." முருகலட்சுமி அந்தக் காகிதத்தை மைக்குக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள்.

குழுவில் கேட்ட மூன்றையும் காலிதா திருத்தங்களாகக் கொடுத்திருந்தார். அவருக்கு ஆறு நிமிடம். மாலை நான்கு மணி, அவையில் பாதி இருக்கை காலி. காலிதா எழுந்ததும், தான் கேட்டதைத் தானே எதிர்க்கிற உறுப்பினர் என்று யாரோ உட்கார்ந்தபடியே சொன்னார்கள். "ஆமாம் ஐயா" என்றுதான் தொடங்கினார் காலிதா. "நான்தான் கேட்டேன். கேட்டபோது எனக்குச் சட்டம் தெரிந்திருந்தது. போன நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரு பெண் வந்து, என் கணவர் வரல, வரலைன்னு எழுதுங்க என்றார். அடுத்து வந்த பெண், இறந்துவிட்டார் என்று எழுதுங்கள் என்றார். இரண்டு பேருடைய கணவரும் ஒரே படகில் போனவர்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று வீடு வீடாக அலைந்து ஒரு மாதம் யோசித்தேன். அதை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில். இந்த அவைக்கும் இல்லை என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்."

முருகலட்சுமி சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு உரிமை இல்லை என்பது எனக்குக் கிடைத்த பதில். தன் குரல் ஒரு பிடி தாழ்ந்திருப்பது அவளுக்கே கேட்டது. கீழே காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொள்கிற தலைகள் ஒன்று, இரண்டு என்று கூடின.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்ற மூன்றாவது திருத்தத்துக்கு வந்தபோது எதிர் வரிசையிலிருந்து ஒருவர், அப்படியானால் நாளைக்கு ஆளாளுக்கு ஒளிந்துகொண்டு உதவியை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள் என்றார். நாலைந்து பேர் மேசையைத் தட்டினார்கள்.

"வரட்டும் ஐயா" என்றார் காலிதா. "வந்தால் அதைவிட இந்த அரசுக்கு என்ன வேண்டும்? எந்தக் கரையில் வந்து இறங்குகிறார் என்று சொல்லுங்கள், நானே மாலையோடு போய் நிற்கிறேன்."

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. நேரம் முடிந்த மணி அடித்தது. துணைத் தலைவர் மறுபடி அடிக்கவில்லை. காலிதா மேலும் ஒன்றரை நிமிடம் பேசினார். நான்காவது "வரல"வைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முருகலட்சுமி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்து, மைக்கை அணைத்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். சான்றிதழ் யோசனையை ஏற்பதாகச் சொன்னார், ஆனால் காலிதா கேட்ட ஆறு மாதத்துக்குப் பதில் ஒரு வருடம். இறப்புப் பதிவுக்கு முன்னால் "குடும்பத்தார் விண்ணப்பித்தால் மட்டும்" என்ற சொற்களைச் சேர்க்கவும் சம்மதித்தார். திரும்பி வந்தவர் விஷயத்தில் நிதித்துறை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வற்புறுத்துகிறீர்களா என்று துணைத் தலைவர் கேட்டார். வற்புறுத்துகிறேன் என்றார் காலிதா. குரல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரிக்கிறவர்கள் சொன்னது அவையின் ஒரு மூலையில் மட்டும் கேட்டது. எதிர்க்கிறவர்கள் சொன்னதில் கூண்டின் கண்ணாடியே அதிர்ந்தது. மூன்றாவது விழுந்தது. மற்ற இரண்டோடும் மசோதா நிறைவேறியது.

மேலேயிருந்து முருகலட்சுமி பார்த்தாள். காலிதா தன் காகிதத்தில் எதையோ அடித்து எழுதினார். பக்கத்து இருக்கைக்காரர் கை கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். பிறகு காதுக்கருவியை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, தலையை உயர்த்திக் கூண்டைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எந்த உறுப்பினரும் அங்கே அண்ணாந்து பார்ப்பதில்லை. முருகலட்சுமி அவசரமாக எழுந்து நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அது தெரிந்திருக்காது.

ஜூலையில் காலிதாவின் பதவிக்காலம் முடிந்தது. கட்சி அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தது. விதிகள் அச்சாகி மாவட்டத்துக்கு வர டிசம்பர் ஆகிவிட்டது. தையில் முருகலட்சுமி விடுப்பில் நயினார்கோவிலுக்கு வந்திருந்தாள். தங்கச்சிமடத்தில் சான்றிதழ் கொடுக்கிற முதல் முகாம் என்று பேப்பரில் பார்த்தாள். யாரிடமும் காரணம் சொல்லாமல் ராமநாதபுரம் போய்ப் பஸ் மாறினாள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உள்ளே அதிகாரிகள், வெளியே எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறவர்கள். அந்த வரிசையில் மூன்றாவது மேசையில், மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, தலையில் முக்காட்டோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் காலிதா. முன்னாள் எம்.பி. என்று எந்தப் பலகையும் இல்லை. அதிகாரிகளில் யாரோ தனியாக ஒரு நல்ல நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதில் வரிசையில் வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். முருகலட்சுமியைப் பார்த்ததும் காலிதா, "வந்துட்டீங்களா, கையெழுத்து நல்லாருக்கும்ல உங்களுக்கு? உக்காருங்க" என்று ஒரு பேனாவை நீட்டினார். இருவரும் பகல் முழுக்க எழுதினார்கள்.

மதியத்துக்கு முன்பே ஜெயசுதா வந்து தன் படிவத்தைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டாள். திரும்பி வரவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. அதை இரண்டு முறை படித்தாள். மடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். போகாமல் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்காக நிற்கிறாள் என்று முருகலட்சுமிக்குப் புரியவில்லை. மூன்று மணிக்குப் பாண்டியம்மாள் வந்தபோது புரிந்தது.

இறப்பைப் பதிவு செய்யக் கேட்கிற பாண்டியம்மாளின் படிவத்தைக் காலிதாவே எழுதினார். பெயர், ஊர், படகின் எண், கடலுக்குப் போன தேதி. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"இங்கனயாம்மா?"

"அங்கனதான்."

பாண்டியம்மாள் குனிந்தாள். நிமிர்ந்தாள். "இன்னைக்கே போடணுமா?"

"இன்னைக்கும் போடலாம், அடுத்த வருசமும் போடலாம். போடாமலும் இருக்கலாம்மா. நீங்க போட்டாத்தான் அவங்க எழுதுவாங்க."

"நாந்தேன் எழுதிக் குடுங்க எழுதிக் குடுங்கன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி கத்துனேன்." பாண்டியம்மாள் பேனாவைப் பார்த்தாள். "இப்பக் கை வர மாட்டேங்குது."

பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காலிதா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் அடுத்த பெயரைக் கூப்பிடப் போன அலுவலரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவர் மைக்கை இறக்கினார். வாடைக்காற்று பந்தலுக்குள் புகுந்து மேசைமேல் இருந்த படிவத்தைத் தூக்கியது.

பந்தல்காலை விட்டுவிட்டு ஜெயசுதா வந்தாள். "மதினி" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் எதுவும் வரவில்லை. பாண்டியம்மாளுக்குப் பக்கத்தில் நின்று, பறக்கப் பார்த்த காகிதத்தின்மேல் உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்தாள். கண்ணாடி வளையல்கள் மேசையில் மோதிச் சரிந்தன. அவள் விரல்களுக்கு இடையில் காகிதத்தின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. பென்சில் புள்ளி மட்டும் அசையாமல் இருந்தது. பாண்டியம்மாள் மறுபடியும் குனிந்தாள்.